வென்ற நாடு, வெறும் கஜானா

பதின்மூன்று மாநிலங்களின் கதை – பகுதி 17

1783ஆம் ஆண்டு ஜூன் 20. கடலூருக்கு எதிரே வங்கக் கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. பிரெஞ்சுத் தரப்பில் தளபதி சுஃப்ரன்; ஆங்கிலேயத் தரப்பில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ். கரையில் கடலூரைப் பிடித்து வைத்திருந்தது பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை. அதை முற்றுகையிட்டிருந்தது ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை. ஒன்பது நாள் கழித்துச் சமாதானக் கொடியோடு ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது என்றார்கள். எப்போது? ஜனவரியில்! முடிந்துபோன போரை ஐந்து மாதமாக இங்கே நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1775இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் கிராமத்துப் புல்வெளியில் தொடங்கிய சண்டை அது. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததும் கடல் கடந்து கிளைவிட்டு, கடைசியில் நம் கடலூர்க் கரையில் வந்து ஓய்ந்தது.

கடலூரில் பீரங்கிகள் முழங்கிய மறுநாள், ஜூன் 21, சனிக்கிழமை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இன்னொரு முற்றுகை. 1776இல் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அதே செங்கல் கட்டடத்தைச் சுமார் 400 படைவீரர்கள் துப்பாக்கிகளோடு சூழ்ந்து நின்றார்கள். உள்ளே காங்கிரஸ் உறுப்பினர்கள். (இந்தக் காங்கிரஸ் கட்சியல்ல. மாநிலங்கள் அனுப்பிய பேராளர்கள் கூடும் சபை. அன்றைய அமெரிக்காவில் மத்திய அரசு என்று ஏதாவது இருந்ததென்றால் இதுதான்.) வெளியே நின்றவர்கள் ஆங்கிலேயர்கள் அல்லர், அந்தக் காங்கிரசுக்காகவே போரிட்ட சொந்தப் படையினர். அவர்கள் கேட்டது சம்பள பாக்கி.

சபைத் தலைவர் எலியஸ் பூடினாட், பென்சில்வேனியா மாநில நிர்வாகத்திடம் உதவி கேட்டார். மாநிலத்தின் ஊர்க்காவல் படையைக் கூப்பிட்டு இவர்களைக் கலைத்துவிடுங்கள் என்றார். மாநிலத் தலைவர் ஜான் டிக்கின்சன் கையை விரித்துவிட்டார். சம்பளம் கேட்கும் வீரன்மீது துப்பாக்கி தூக்க ஊர்க்காவல் படை வருமா என்பதே அவருக்குச் சந்தேகம். அவருடைய நிர்வாகக் குழுவுக்கும் வீரர்கள் கெடு வைத்திருந்தார்கள்: இருபது நிமிடத்தில் பதில் வேண்டும். பக்கத்துச் சாராயக் கடைகளிலிருந்து குவளைகள் வந்தவண்ணம் இருந்தன. பிற்பகலில் உறுப்பினர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வெளியே நடந்தார்கள். வீரர்கள் கேலி பேசினார்கள், யாரையும் தொடவில்லை. சில நாட்களில் காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு நியூஜெர்சியில் பிரின்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்த கல்லூரிக் கட்டடத்தில் கூடியது. பிறகு அன்னாபோலிஸ், பிறகு டிரென்டன், பிறகு நியூயார்க். உலகத்தின் பெரிய பேரரசு ஒன்றைத் தோற்கடித்த நாட்டின் அரசு இப்படி ஊர் ஊராக அலைந்தது.

கஜானா எப்படி இந்த நிலைக்கு வந்தது?

போரை நடத்தக் காங்கிரசிடம் இருந்த ஒரே கருவி அச்சு எந்திரம். 1775 ஜூனில் 20 லட்சம் டாலர் மதிப்புக்குக் காகிதப் பணம் அடிக்க முடிவு செய்தார்கள். 1779 முடிவதற்குள் அது 20 கோடியைத் தொட்டது. நியூயார்க்கைக் கையில் வைத்திருந்த ஆங்கிலேயர்களும் சும்மா இருக்கவில்லை. கள்ள நோட்டு அடித்து வெளியே விட்டார்கள். 1780 மார்ச்சில் காங்கிரசே நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர்தான் மதிப்பு என்று ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் ஓர் ஊர்வலம் நடந்தது. வந்தவர்கள் தொப்பியில் அந்த நோட்டுகளைச் செருகியிருந்தார்கள். கூடவே ஒரு நாய். உடம்பெங்கும் தார் பூசி அதன்மேல் நோட்டு ஒட்டியிருந்தார்கள்.

சாதாரணச் சிப்பாய்க்குச் சம்பளம் மாதம் ஏழு டாலருக்கும் சற்றுக் குறைவு. அதுவும் இந்தக் காகிதத்தில். அதுவும் பல மாதம் தாமதமாக. 1781 செப்டம்பரில் வர்ஜீனியாவின் யார்க்டவுனை நோக்கிப் படை நடந்துகொண்டிருந்தபோது வடக்கத்தி வீரர்கள் பலர், வெள்ளிக் காசைக் கண்ணில் காட்டாமல் மேற்கொண்டு நகர மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள். நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மோரிஸ் கூட்டாளிகளான பிரெஞ்சுக்காரர்களிடமே ஓடி 20,000 டாலர் நாணயம் கடன் வாங்கி வந்து பட்டுவாடா செய்தார். அமெரிக்க விடுதலையை உறுதி செய்த வெற்றிக்கு நடந்துபோன கால்களுக்கான கூலி கைமாற்றுப் பணம். இந்த மோரிஸ் பெரும் வணிகர். காங்கிரசின் பெயருக்குக் கடைத்தெருவில் மதிப்பில்லாமல் போனபோது தன் சொந்தக் கையெழுத்திட்ட சீட்டுகளை வெளியிட்டார், அவை செல்லுபடியாயின! ஒரு நாட்டைவிட ஒரு தனிமனிதரின் வாக்குக்கு அதிக மதிப்பு. பிற்காலத்தில் நில வியாபாரத்தில் நொடித்து, அதே பிலடெல்பியாவில் கடனாளிகளுக்கான சிறையில் மூன்று ஆண்டுக்கு மேல் அவர் கிடந்தார் என்பது தனிக் கதை.

கடன் வாங்குவதும் நோட்டு அடிப்பதும் போகட்டும், வரி போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போட முடியாது. 1781 மார்ச்சில் மேரிலாந்து கடைசியாக ஒப்புதல் தந்தபின் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளில் காங்கிரசுக்கு வரி விதிக்கும் உரிமையே தரப்படவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி போட்டதை எதிர்த்துத்தானே கிளம்பினார்கள்! தொலைவில் உட்கார்ந்திருக்கும் எந்தச் சபைக்கும் அந்த உரிமையைத் தரப் பதின்மூன்று மாநிலங்களுக்கும் மனமில்லை. இன்ன தொகை வேண்டும் என்று காங்கிரஸ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கடிதம் எழுதும். மாநிலம் விரும்பினால் கொடுக்கும், இல்லாவிட்டால் இல்லை. வரி போட உரிமையில்லாமல் நன்கொடை நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் திருவிழாக் கமிட்டியின் நிலைமைதான். போர் நடக்கும்போதாவது பயத்தில் கொஞ்சம் கொடுத்தார்கள். அது ஓய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இறக்குமதிச் சரக்கின்மீது ஐந்து சதவீதச் சுங்கம் வசூலிக்க மட்டுமாவது அனுமதியுங்கள் என்று 1781இல் காங்கிரஸ் கெஞ்சியது. விதிகளைத் திருத்தப் பதின்மூன்று மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு தலையசைத்தன. எல்லாவற்றிலும் சிறிய ரோட் ஐலண்ட் முடியாது என்றது. திட்டம் செத்தது. 1783இல் திரும்பவும் முயன்றார்கள். இம்முறை காலைவாரியது நியூயார்க். தன் துறைமுகத்தில் அண்டை மாநிலத்துக்காரர்களின் சரக்கும் இறங்குவதால் கிடைக்கும் சுங்க வருமானத்தைப் பங்கு போட அது தயாராக இல்லை.

பணமில்லாத அரசின் சொல் வெளியுலகிலும் எடுபடவில்லை. போரை முடித்த பாரிஸ் ஒப்பந்தப்படி காலி செய்திருக்க வேண்டிய டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளில் ஆங்கிலேயப் படை அப்படியே உட்கார்ந்திருந்தது. எங்கள் வணிகருக்கு உங்கள் ஆட்கள் தர வேண்டிய பழைய கடன் வரட்டும், பார்க்கலாம் என்றது லண்டன். மிசிசிப்பி ஆற்று வழியை ஸ்பெயின் 1784இல் அடைத்தது. அடுத்த ஆண்டு அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து 21 பேரைச் சிறைவைத்தார்கள். மீட்கக் காங்கிரசிடம் காசில்லை. பிரான்சுக்குக் கட்ட வேண்டிய வட்டியும் அதே ஆண்டு நின்றுபோனது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் துறைமுகங்கள் அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடப்பட்டதால் வணிகர்கள் புதுச் சந்தை தேடிக் கீழ்த்திசைக்குக் கிளம்பினார்கள். 1784 டிசம்பர் இறுதியில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற பிலடெல்பியாக் கப்பல் புதுச்சேரியில் நங்கூரம் பாய்ச்சியது. இந்தியக் கரையைத் தொட்ட முதல் அமெரிக்கக் கப்பல் அதுதான்.

காங்கிரசின் கையில் விற்பதற்கு ஒரே ஒரு சொத்து இருந்தது: ஒகையோ ஆற்றுக்கு வடக்கே நிலம். அந்த நிலம் ஷானி, மியாமி, டெலவேர் முதலான பழங்குடிகளுடையது. பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டன் அதை அமெரிக்காவுக்குத் தாரை வார்த்தபோது அவர்களை யாரும் கலந்துகொள்ளவே இல்லை. 1785இல் நிலச் சட்டம் வந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக அளந்து, 640 ஏக்கர் துண்டுகளாக்கி, ஏக்கர் குறைந்தது ஒரு டாலர் என்று விலை வைத்தார்கள். இன்றும் விமானத்திலிருந்து பார்த்தால் அமெரிக்க நடுப்பகுதி சதுரங்க அட்டைபோல் தெரிவதற்கு அந்த அளவைதான் காரணம். 640 ஏக்கர் வாங்கும் வசதி எந்தச் சிப்பாய்க்கு இருந்தது? வாங்கியவர்கள் நிலக் கம்பெனிக்காரர்கள். அதற்கும் அவர்கள் கொடுத்தது பெரும்பாலும் மதிப்பிழந்த கடன் பத்திரங்கள்.

அந்தப் பத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால்தான் அடுத்து நடந்தது புரியும். சம்பளத்துக்குப் பதிலாக வீரர்களுக்குக் கொடுத்தது பத்திரம். குடியானவனிடமிருந்து மாடும் தானியமும் எடுத்துக்கொண்டு கொடுத்ததும் பத்திரம். வீடு திரும்பியவனுக்கு விதை வாங்கவும் பழைய பாக்கி தீர்க்கவும் ரொக்கம் வேண்டும். பத்திரத்தை டாலருக்குப் பத்து, இருபது சென்ட் என்று கிடைத்த விலைக்கு விற்றான். வாங்கிக் குவித்தவர்கள் துறைமுக நகரங்களின் பணக்காரர்கள். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்சின் மனைவி அபிகெய்ல் ஆடம்சும் அவர்களில் ஒருவர். கணவர் நிலம் வாங்கலாம் என்பார். அபிகெய்லோ பத்திரத்தில்தான் லாபம் என்பார். கணக்கில் அவர் சொன்னதே சரியாக இருந்தது.

மாசசூசெட்ஸ் மாநில அரசு தன் போர்க்கடன் பத்திரங்களுக்கு முழு மதிப்பும் தருவதாக முடிவெடுத்தது. கேட்க நாணயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் வரி மூலம் வர வேண்டும். அதில் பெரும்பங்கு தலைவரியாகவும் நிலவரியாகவும் குடியானவர்மேல் விழுந்தது. வரியை வெள்ளிக் காசாகக் கட்ட வேண்டும். மேற்கு மாவட்டங்களில் வெள்ளிக் காசைப் பார்ப்பதே அரிது. பத்திரத்தைப் பத்து சென்டுக்கு விற்ற அதே மனிதன், அதை வாங்கியவருக்கு முழு டாலர் கிடைப்பதற்காக வரி கட்ட வேண்டும்! கட்டாவிட்டால் மாடு ஜப்தி, நிலம் ஏலம், கடன்பட்டவனுக்குச் சிறை. குடியானவர்கள் அனுப்பிய மனுக்கள் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் குவிந்தன. தானியத்தை வரியாக வாங்கிக்கொள்ளுங்கள், காகிதப் பணம் அடியுங்கள், வழக்குச் செலவைக் குறையுங்கள் என்ற கோரிக்கைகள். ஆளுநர் ஜேம்ஸ் பௌடின் அசையவில்லை.

1786 ஆகஸ்ட் 29 அன்று நார்தாம்ப்டன் நகரில் நீதிபதிகள் வழக்கு விசாரிக்க வந்தபோது, நீதிமன்றத்தின் வாசலைச் சுமார் 1,500 பேர் மறித்து நின்றார்கள். பலர் பழைய படைவீரர்கள், அணிவகுப்பு மறக்கவில்லை, தொப்பியில் ஹெம்லாக் மரத்தின் பச்சைத் தழை. நீதிமன்றம் கூடாவிட்டால் தீர்ப்பில்லை, தீர்ப்பில்லாவிட்டால் ஜப்தியில்லை. அதுதான் கணக்கு. 1774இல் மன்னரின் நீதிமன்றங்களை மூட இதே மாவட்டத்துக்காரர்கள் கையாண்ட முறையும் அதுவே. வூஸ்டர், கான்கார்ட், கிரேட் பேரிங்டன் என்று ஒவ்வொரு நகரமாக நீதிமன்றங்கள் மூடப்பட்டன.

கலகத்தோடு பெயர் ஒட்டிக்கொண்ட டேனியல் ஷேஸ் பெல்ஹாம் ஊர்க் குடியானவர். விடுதலைப் போரில் பங்கர் ஹில்லில் போரிட்டவர், சரடோகாவில் போரிட்டவர், கேப்டன் பதவி வரை உயர்ந்தவர். பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட் அவருக்கு ஓர் அலங்கார வாளைப் பரிசளித்திருந்தார். பணமுடையில் அவர் அதை விற்க வேண்டியதாயிற்று. அதற்காக ஊரில் சிலர் அவரை ஏளனம் செய்தார்கள். அவர் தனித்தலைவர் அல்லர். லூக் டே, ஜாப் ஷாட்டக் என்று ஊருக்கொருவர் இருந்தார்கள். அரசுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, ஷேஸ் அகப்பட்டார்.

பாஸ்டனின் எதிர்வினையில் கவனிக்க வேண்டியவர் சாமுவேல் ஆடம்ஸ். பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகள் பாஸ்டன் கடலில் விழக் காரணமாயிருந்த அதே கிளர்ச்சிக்காரர். இப்போது மாநில மேல்சபையில் உட்கார்ந்துகொண்டு, கூட்டம் கூடினால் தண்டிக்கும் சட்டத்துக்கும் விசாரணையின்றிச் சிறைவைக்கும் ஏற்பாட்டுக்கும் முன்னின்றார். மன்னரை எதிர்ப்பவனை மன்னிக்கலாம், குடியரசின் சட்டத்தை எதிர்ப்பவன் சாக வேண்டியவன் என்பது அவர் வாதம். பதவிக்கு வந்த புரட்சிக்காரர்கள் பேசும் இந்தப் பேச்சை வரலாறு பின்னால் பல மொழிகளில் கேட்டிருக்கிறது.

காங்கிரசிடம் படை இல்லை. படை திரட்டப் பணமும் இல்லை. போர்ச் செயலர் ஹென்றி நாக்ஸ், விடுதலைப் போரின் தலைமைத் தளபதியாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதிக் கலங்கடித்தார்: கலகக்காரர்கள் 12,000, 15,000 பேர் திரளக்கூடும், எல்லாச் சொத்தும் எல்லோருக்கும் பொது என்பது அவர்களின் கொள்கை. இது சுத்த மிகை. தங்கள் சொந்த நிலம் பறிபோகாமல் இருக்கத்தான் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் பாஸ்டன் வணிகர்களே சந்தா போட்டுப் பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் ஜெனரல் பெஞ்சமின் லிங்கன் தலைமையில் ஒரு படை கிளம்பியது. கடன் கொடுத்தவர்களின் செலவில் கடன்பட்டவர்கள்மீது படையெடுப்பு!

1787 ஜனவரி 25. முழங்கால் உயரப் பனியில் ஷேஸும் சுமார் 1,500 பேரும் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கி நடந்தார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள். காவலுக்கு ஜெனரல் வில்லியம் ஷெப்பர்டின் ஊர்க்காவல் படை. இன்னொரு திசையிலிருந்து வர வேண்டிய லூக் டே, ஒருநாள் தள்ளிப்போடுவோம் என்று அனுப்பிய செய்தி வழியில் மாட்டிக்கொண்டது. ஷேஸுக்கு அது தெரியாது. கிடங்கிலிருந்து முதல் பீரங்கிக் குண்டுகள் தலைக்கு மேலே பறந்தன. அடுத்தவை கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்தன. நான்கு பேர் செத்தார்கள், இருபது பேர் வரை காயம். மற்றவர்கள் சிதறினார்கள். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 4 விடியலில், இரவெல்லாம் பனிப்புயலில் முப்பது மைல் நடந்துவந்த லிங்கனின் படை பீட்டர்ஷாம் ஊரில் அவர்களைத் தூக்கத்தில் பிடித்தது. ஷேஸ் வெர்மான்ட் பக்கம் தப்பிவிட்டார். பிடிபட்டவர்களில் இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் அந்த ஏப்ரல் தேர்தலில் பௌடினை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக வந்த ஜான் ஹான்காக் மன்னிப்புகளை வழங்கினார், வரியும் குறைந்தது. துப்பாக்கியால் தோற்றதை வாக்குச்சீட்டால் ஓரளவு வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

அண்டை மாநிலமான ரோட் ஐலண்டில் கடன்பட்டவர்கள் கலகம் செய்யவில்லை, தேர்தலில் வென்று ஆட்சியையே பிடித்தார்கள். 1786இல் காகிதப் பணம் அடித்து, வாங்க மறுப்பவனுக்கு அபராதம் என்று சட்டமும் போட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் கடன் வாங்கியவர்களைக் கண்டு ஓடி ஒளிந்தார்கள். சொத்துள்ளவர்களுக்கு ஷேஸைவிடப் பெரிய திகில் இதுதான்.

இதற்கிடையே, மேரிலாந்தின் அன்னாபோலிஸில் 1786 செப்டம்பரில் ஐந்தே மாநிலங்களிலிருந்து பன்னிரண்டு பேர் மட்டும் வந்திருந்த ஒரு வணிக மாநாடு நடந்தது. இந்தக் கூட்டத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்று கண்ட அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஜேம்ஸ் மேடிசனும், அடுத்த மே மாதம் பிலடெல்பியாவில் எல்லா மாநிலமும் கூட வேண்டும் என்று அழைப்பு விடுக்கச் செய்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டின் பீரங்கிச் சத்தம் அந்த அழைப்புக்கு வலுச் சேர்த்தது. வீட்டில் ஓய்வாக இருந்த வாஷிங்டனே கிளம்பிவிட்டார்.

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, 1783இல் வீரர்கள் சூழ்ந்த அந்தக் கட்டடத்திலேயே கூடினார்கள். பன்னிரண்டு மாநிலம், 55 பேர். ரோட் ஐலண்ட் வரவில்லை. வாசலில் காவல், பேசியது எதுவும் வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு. பெரிய மாநிலமும் சிறிய மாநிலமும் போட்ட சண்டை, ஜூலை 16இல் ஏற்பட்ட சமரசம், மக்கள்தொகைக்கு ஏற்ப ஒரு சபை, மாநிலத்துக்கு இருவர் வீதம் இன்னொரு சபை என்ற கதையெல்லாம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இங்கே, அந்தக் கூட்டத்தில் உருவான அரசியல் சாசனத்தை வேறு கண்ணோடு, கடந்த சில ஆண்டுகளின் தழும்புகளைத் தேடிப் படித்துப் பார்க்கலாம்.

காங்கிரசுக்கு வரியும் சுங்கமும் விதிக்கும் உரிமை தரப்படுகிறது: அது ஒற்றை ரோட் ஐலண்ட் கெடுத்த திட்டத்தின் மறுபிறவி. உள்நாட்டுக் கலகத்தை அடக்க ஊர்க்காவல் படையை மத்திய அரசே அழைக்கலாம்: இது ஷேஸ். எந்த மாநிலமும் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, ஒப்பந்தக் கடமையைத் தளர்த்தும் சட்டம் போடக் கூடாது: இது மறுபடியும் ரோட் ஐலண்ட். சாசனத்துக்கு முன் வாங்கிய கடன்கள் அப்படியே செல்லும்: பத்திரக்காரர்களுக்கு நிம்மதி. பத்து மைல் சதுரத்துக்கு மிகாத ஒரு பகுதி காங்கிரசின் நேரடி ஆளுகையில் தலைநகராகும்: டிக்கின்சன் கைவிரித்த அந்தச் சனிக்கிழமையின் விளைவு. எந்த மாநிலத்தின் தயவிலும் இனி இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். அதே டிக்கின்சன், இம்முறை டெலவேர் பேராளராக, கையெழுத்திட்ட 39 பேரில் ஒருவர்.

சாசனத்தின் மிக அசிங்கமான பகுதிக்கும் கடன் கணக்குதான் பிறப்பிடம். அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்று எண்ணும் விகிதம் 1787இல் முளைத்ததல்ல. 1783இல் மாநிலங்களின் பங்குத்தொகையை மக்கள்தொகைப்படி பிரிக்கலாம் என்று யோசனை வந்தபோது, அடிமைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றது தெற்கு, வரி குறையுமே! சேருங்கள் என்றது வடக்கு. பேரத்தில் ஐந்துக்கு மூன்று என்று படிந்தது. அந்தத் திருத்தம் நிறைவேறவில்லை, விகிதம் மட்டும் நினைவில் நின்றது. நான்கு ஆண்டு கழித்துப் பேச்சு வரியிலிருந்து நாடாளுமன்ற இடங்களுக்கு மாறியதும் இரு தரப்பும் அப்படியே இடம் மாறிக்கொண்டன. எங்கள் அடிமைகளையும் எண்ணுங்கள் என்றது தெற்கு, அவர்களுக்குத்தான் வாக்கே இல்லையே என்றது வடக்கு. பழைய விகிதத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1790 கணக்கெடுப்பில் நாட்டின் 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். வாக்கில்லாத அவர்களின் எண்ணிக்கை, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு எழுபது ஆண்டுக்கும் மேலாகக் கூடுதல் இடங்களைத் தந்தது. அடிமை என்ற சொல் அந்தச் சாசனத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை.

சாசனத்துக்கு மாநிலங்களின் ஒப்புதல் எளிதில் கிடைக்கவில்லை. மாசசூசெட்ஸில் ஆதரவு 187, எதிர்ப்பு 168. எதிர்த்தவர்களில் ஷேஸின் அனுதாபிகளும் உண்டு. தேவையான ஒன்பதாவது மாநிலமாக நியூஹாம்ப்ஷயர் ஒப்புதல் தந்தது 1788 ஜூன் 21 அன்று. வர்ஜீனியா 89-79, நியூயார்க் 30-27. ரோட் ஐலண்ட் 1790 மே வரை இழுத்தடித்து, இரண்டே வாக்கு வித்தியாசத்தில் உள்ளே வந்தது. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அங்கே போகுமுன் பழைய கடன்களைத் தீர்க்கவும் பயணச் செலவுக்கும் கையில் பணமில்லாமல், அலெக்சாண்ட்ரியா நகர வணிகர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் கிளம்பினார்.

நிதியமைச்சரான ஹாமில்டன் 1790 ஜனவரியில் கணக்கைச் சபைமுன் வைத்தார். மத்தியக் கடன் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர்; மாநிலங்களின் போர்க்கடன் இன்னும் 2 கோடியே 50 லட்சம். எல்லாவற்றையும் மத்திய அரசே ஏற்று, பத்திரம் இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கு முழு மதிப்பும் தர வேண்டும் என்றார். இந்தச் செய்தி உள்நாட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பத்திரங்களை அள்ளிக்கொள்ள, ஊக வணிகர்கள் மூன்று கப்பல்களைத் தெற்கே அனுப்பியதாக ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் சபையிலேயே குற்றம்சாட்டினார். வாங்கியவருக்குச் சந்தை விலையைக் கொடுங்கள், மீதியை முதலில் பெற்ற வீரருக்குக் கொடுங்கள் என்று மேடிசன் வாதாடினார். யார் யாரிடம் விற்றார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, விற்ற பத்திரத்துக்குத் திரும்பவும் பணமா என்று ஹாமில்டன் தரப்பு கேட்டது. வாக்கெடுப்பில் மேடிசன் தோற்றார்: 36-13. பல உறுப்பினர்களின் பெட்டியிலேயே அந்தப் பத்திரங்கள் இருந்தன.

நாட்டின் கடன்நாணயத்தை நிலைநிறுத்திய வகையில் ஹாமில்டனின் திட்டம் வென்றது என்பதில் ஐயமில்லை. சில ஆண்டுகளில் அமெரிக்கப் பத்திரம் ஐரோப்பியச் சந்தைகளில் மதிப்போடு விலைபோனது. அந்த மதிப்புக்கான விலையை முதலில் கொடுத்தவர்கள் சிப்பாய்களும் குடியானவர்களும். அவர்கள் கணக்கு தீர்க்கப்படவே இல்லை. மாநிலக் கடனை ஏற்பதற்கு ஒப்புக்கொள்ள, தலைநகரைப் போடோமாக் ஆற்றங்கரைக்குத் தருவதாகத் தெற்குக்கு வாக்குக் கொடுத்தார்கள். வட்டி கட்ட, 1791இல் விஸ்கிமீது வரி வந்தது. மேற்குப் பென்சில்வேனியாவில் அந்த வரி மூட்டிய தீயை அணைக்க வாஷிங்டனே குதிரையேறிய கதை அடுத்த பகுதியில்.

போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1818இல்தான் வறுமையில் வாடிய பழைய வீரர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது: சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20. அந்தச் சட்டப்படி ஓய்வூதியம் பெற்றவர்களில், அப்போது எழுபதைத் தாண்டி நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்த டேனியல் ஷேஸும் ஒருவர்.